மார்ச் இருபது வரை

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் போவார்கள்.
நாலு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள்.
நடுவே ஆறு மணி நேரம் என்னுடையது:
நான்கு வீடு, பதினொரு கட்டில்,
இருபத்திரண்டு தலையணை உறை,
யாரோ மறந்துபோன ஒற்றைக் காலுறை.

கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள்
என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டு
என்னிடம்தான் வருவார்கள்.
'எங்கே தங்கினால் நன்றாக இருக்கும்?'
ஆளைப் பார்த்துச் சொல்வேன்.
புதுமணத் தம்பதிக்கு மேற்குக் கரைக் கண்ணாடி வீடு.
பைனாகுலர் மாட்டியவருக்குக் கழிமுகத்துக் கல்வீடு;
காலையில் நீர்நாய் வரும், வராவிட்டால் நான் பொறுப்பில்லை.
பிள்ளைகுட்டிக்காரர்களுக்குப் பழைய பள்ளிக்கூடம்,
கரும்பலகை இன்னும் இருக்கிறது,
சாக்பீஸ் நான் வாங்கிவைப்பேன்.
சண்டை போட்டுக்கொண்டே இறங்குகிறவர்களுக்குக்
கப்பல்துறைக்குப் பின்னால் உள்ள சின்ன வீடு:
முதல் கப்பலைப் பிடிக்க வசதி.

நீ எங்கே தங்குகிறாய் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்,
ஹெக்டரின் ஆட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம்
நாலு மூலையிலும் கயிறு போட்டுப்
பாறையோடு இறுக்கிய கேரவன்.
புயல் இரவுகளில் லாக்லனும் நானும்
பூட்ஸ் மட்டும் கழற்றிவிட்டு
உடுப்போடு படுப்போம்.

அக்டோபரில் எடின்பரோவிலிருந்து
பல் டாக்டர் எழுதியிருந்தார்:
குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க
யாராவது குடியிருந்தால் நல்லது,
நாலில் எது வேண்டுமோ எடுத்துக்கொள், ஊனா,
மார்ச் இருபதுக்குள் காலி செய்தால் போதும்,
கரண்டு செலவு மட்டும் உன்னுடையது.

காடாறு மாதம் நாடாறு மாதம்கூட இல்லை.
நாடு ஐந்துதான்.
இருந்தாலும் எனக்கும் வந்தது அந்தக் கேள்வி:
எங்கே தங்கினால் நன்றாக இருக்கும்?

கரண்டு செலவு என்றதும் கண்ணாடி வீடு போயிற்று.
தென்மேற்குக் காற்றில் அந்தச் சுவர்
ராத்திரி முழுக்கப் பல்வலிக்காரன்போல் முனகுவது
ஜூனில் வருகிறவர்களுக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
கழிமுகத்தில் போனுக்கு சிக்னல் இல்லை;
'நான் கேரவனிலேயே இருந்துகொள்கிறேன்' என்றான் லாக்லன்.
பள்ளிக்கூடத்துக்கு நான்தான் மாட்டேன் என்றேன்.
ஏழு வயதில் என்னை நிற்கவைத்த மூலையில்
இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது,
சுவரைப் பார்த்தபடி.

மிச்சம், சண்டைக்காரர்களின் வீடு.
ஜன்னலைத் திறந்தால் டீசல் தொட்டி,
நண்டுக் கூடைகள், ஹெக்டரின் உடைந்த டிரெய்லர்.
கடல் தெரியாது.
கடல் எங்கே போய்விடப் போகிறது?
இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் யாரும் தந்ததில்லை.
ஆனால் சுவர் மூன்றடிக் கனம்.
படுக்கப்போகும்முன் இரண்டு பீட் கட்டி போட்டால்
விடியும்வரை சூடு இருக்கும்.

டிராக்டரில் ஒரே நடையில் சாமான் வந்து சேர்ந்தது.
அன்றிரவு கதவைப் பூட்டினேன்.
பூட்டிய பிறகும் உள்ளேயே இருந்தேன்.
அந்தச் சாவியை நான் அதுவரை
வெளியே நின்றுதான் திருப்பியிருக்கிறேன்.

பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது.
லாக்லன் தலையைத் தூக்கிக் காது கொடுத்தான்,
பிறகு எழுந்து சட்டையையும் பேண்ட்டையும் கழற்றி
நாற்காலியில் போட்டுவிட்டுப்
போர்வைக்குள் புகுந்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
விருந்தினர் புத்தகத்தை எடுத்தேன்.
ஆறு வருடமாகத் தூசி தட்டியிருக்கிறேன், திறந்ததில்லை.
'மழை.'
'மழை. டிவி சின்னது.'
'பிரிந்துவிடலாம் என்று இங்கேதான் முடிவு செய்தோம். நன்றி.'
'மழை.'
பக்கத்துக்கு மூன்று கட்டம்,
பெயர், எந்த ஊர், அபிப்பிராயம்.

ஊனா மெக்ஃபெயில் என்று எழுதினேன்.
இரண்டாவது கட்டத்தில் பேனா நின்றது.
மார்ச்சில் டாக்டர் வந்து படிப்பார்.
படிக்கட்டும்.
இந்த ஊர்.

அபிப்பிராயம்:
குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
வாஷர் மாற்றிவிட்டேன்.