மாற்று, எல்லா இடத்திலும்

ரெஜைனா, எழுபத்தேழு, அக்டோபர்.
பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியிலிருந்து
தட்டச்சு இயந்திரங்களைத் தள்ளுவண்டியில்
கொண்டுபோன மறுநாள் இது வந்தது.
மேசையளவு உடம்பு,
பச்சை எழுத்து மின்னும் முகம்,
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்டுகள்,
அச்சடிக்கும் சத்தத்தை அமுக்க
அதற்கென்று ஒரு கண்ணாடி மூடி.

அதிகாரிகளின் கதவுக்கு வெளியே ஆளுக்கொரு மூலையில் இருந்த எங்களை
ஒரே அறைக்குள் உட்காரவைத்தார்கள்.
ஜன்னல் கிடையாது. வெளிச்சம் பட்டால் திரை தெரியாதாம்.
அவர்கள் குரல் இனி நாடாவில் வரும்.
காலடியில் ஒரு மிதி: அழுத்தினால் பேசுவார்கள்,
எடுத்தால் வாயை மூடுவார்கள்.
இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றாள்
லெஸ்யா பொகுஸ்லாவ்.

சும்மா சொல்லக்கூடாது.
வெள்ளை மசி வேண்டாம், கரித்தாள் வேண்டாம்.
வரி நடுவே ஒரு சொல்லை நுழைத்தால்
பேருந்தில் இடம் விடுவதுபோல்
மற்றவை தள்ளி உட்காரும்.
எத்தனை வரி அடித்தோம் என்று
மாலையில் மக்கால்மனிடம் கோளும் சொல்லும்.

ஆல்வின் ஃப்ராஸ்ட்டுக்கு எழுதிய மறுப்புக் கடிதம் வட்டில் இருந்தது.
அதே கடிதம் ரோஸ்தர்ன் பக்கத்து ஹென்ரிக் ரெம்பெலுக்கும்.
பெயரை மாற்று என்றேன்.
எல்லா இடத்திலுமா, கேட்டது.
ஆமாம். ஒரே விசை. மணி நாலரை.

ஃப்ராஸ்ட் ஒரு குடும்பத்தின் பெயர்.
எங்கள் மொழியில் உறைபனிக்கும் அதுவே பெயர்.
இயந்திரத்துக்கு இரண்டும் ஐந்து எழுத்து.

போன கடிதம் இது:

"அன்புள்ள திரு. ரெம்பெல்,
ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி இரவு
ரெம்பெல் தங்கள் வயலில் இறங்கி
நூற்றுநாற்பது ஏக்கர் கோதுமையை அழித்ததை
எங்கள் ஆய்வாளர் உறுதிசெய்கிறார்.
விடிந்த பின்னும் தாழ்வான பகுதியில்
ரெம்பெல் தங்கியிருந்ததும் தெரியவருகிறது.
எனினும் தங்கள் பத்திரம் ஆலங்கட்டி மழைக்கு மட்டுமே.
ரெம்பெலுக்கு எதிராகத் தங்களுக்குக் காப்பீடு இல்லை
என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பதினோரு நாள் கழித்துப் பதில்.
தீவன ரசீதின் பின்பக்கத்தில், பென்சிலில்:

"ஐயா, உங்கள் ஆய்வாளர் சொல்வது சரி.
ஈரம் காயட்டும் என்று பத்து நாள் தள்ளி
விதைத்தவன் நான்தான்.
மார்கரெத்தா அப்போதே சொன்னாள்.
விடிந்த பின்னும் அங்கே நின்றிருந்தேன், அதுவும் உண்மை.
உங்களிடம் யார் சொன்னது?"

மக்கால்மன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியாமல்
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
லெஸ்யா சிரிக்கத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள்.

திருத்திய கடிதத்தைச் சொல் சொல்லாக நானே அடித்தேன்.
உறைபனி வரவேண்டிய இடத்தில் உறைபனி.
மறுப்பு மட்டும் மாறவில்லை.
அவர் கேட்டதற்கு
சேமித்துவைத்த அறுபத்திரண்டு பத்திகளில்
ஒன்றும் பொருந்தவில்லை.

காலை மிதியில் வைத்தேன்.
அடுத்த அதிகாரி பேசத் தொடங்கினார்.