ஜாடிக் காதில் ஒரு முத்திரை

மரீன் தெருவில் கன்சுலேட்டுக்கு இரண்டு கடை தள்ளி
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
பிறப்பு, கல்யாணம், சாவு
எதுவானாலும் பிரெஞ்சில் மாற்றித் தருகிறேன்.

இன்று செலஸ்தேன் பெரியநாயகம் வந்தார்.
அறுபத்திரண்டில் ஆறு மாதக் கெடு.
சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.
அப்பா நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு லோடு ஏற்றப் போனவர்
கெடு முடிந்து எட்டாம் நாள் வந்து கேட்டாராம்.
ஒரே வயிற்றில் பிறந்தவர்களில்
ஒருவர் பிரெஞ்சுக்காரர்.

பாட்டன் பேரில் ஒரு எழுத்து விழுந்திருக்கிறது.
"அதைச் சரி பண்ண முடியுமா, மதாம்?"

கோப்புகளுக்கு அடியில்
நான் வைத்துப் படிப்பது வேறொரு பட்டியல்.
பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள்
தலை தலையாக எண்ணப்பட்டது.
வம்ச ஏட்டில் பேர் அகப்படாத பூசாரிகளை
பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.
ஊரைவிட்டுப் போகாமல்
கருகின திராட்சைக்கு இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றியவர்களை
மண்ணின் ஜனங்கள் என்றார்கள்.
வசவாக.

கோவில் கட்டப் பணம் பாரசீக ராஜாவின் கஜானாவிலிருந்து.
வேதத்தை மீறினால் தண்டனை
அதே ராஜாவின் பேரால்.
ஜாடியின் காதில் ஈரம் காயுமுன் குத்திய மூன்றெழுத்து:
யெஹூத்.
வரி கட்டுகிற மாகாணத்தின் பேர்.
அதைத்தான் பிற்பாடு
உயிர் போனாலும் விடமாட்டோம் என்றார்கள்.

சிரிப்பு வந்தது முதலில்.
பிறகு அந்த வாய்க்கால் கரையை நினைத்துக்கொண்டேன்.
கோவிலை எரித்துவிடலாம்.
சனிக்கிழமையை எப்படி எரிப்பது?
அது ராஜா கொடுத்ததில்லை.

ஆனால் ஒரு மழை நாளும் உண்டு.
முற்றத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டே
அந்நிய மனைவிகளை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள்.
புருஷன்மார் பேரெல்லாம் வரிசையாக இருக்கிறது.
போன பெண்களின் பேர்
ஒன்றுகூட இல்லை.
மூன்று தரம் தேடினேன்.

என் அம்மா சைகோனிலிருந்து
அப்பாவின் பட்டாளப் பெட்டியோடு கப்பலில் வந்தவள்.
வைசியாள் தெரு அவளைச் சைகோன்காரி என்றது.
எங்கள் குடும்பப் புத்தகத்தில் மனைவி என்ற இடத்தில்
அவளுக்கு முன்பே ஒருத்தி இருந்தாள்.
லியென் என்பது அவள் பேர்.
இதுவரை எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை.

செலஸ்தேன் நகத்தைக் கடித்தபடி நிற்கிறார்.
உள்ளதை உள்ளபடி மாற்றுவதாக
நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவள் நான்.
விழுந்த எழுத்தை விழுந்தபடியே தட்டச்சு செய்தேன்.
கீழே, சின்னதாக, ஒரு குறிப்பு:
இவரும் அவரும் ஒருவரே என்று குடும்பத்தார் சொல்கிறார்கள்.

முத்திரை பாதிதான் விழுந்தது.
மை காய்ந்துபோயிருந்தது.
வாயால் ஊதி
இன்னொரு தரம் அழுத்தினேன்.