வெட்டித் தந்தது

கோர்க்கிலிருந்து நாத்தனார் ரெக்ஸ்லின்
பெட்டிக்குள் ஒரு பெட்டி வைத்து அனுப்பியிருந்தாள்.
மூடியில் படம்: வெள்ளைக்காரக் கட்டில்,
அதன்மேல் எட்டு நிறத்தில் ஒட்டுத்துணிப் போர்வை.
“எல்லாம் வெட்டியாச்சு மைனி,
நீங்க சும்மா சேத்துத் தைச்சா போதும்.”

சும்மா.

பதினெட்டு வருடமாக மார்த்தாண்டம் பாலத்தடியில்
ஒரு நாளைக்கு நாற்பது சுடிதார் வெட்டுகிறவள் நான்.
தைப்பது பபிதா, தைப்பது ஜெபசீலி,
காஜா எடுக்க ஒரு பையன்.
துணி என்னிடம் முழுசாக வரும்,
போகையில் முழுசாக இருக்காது.
பிறகு அது என் பாடு இல்லை.

நூற்றைம்பத்தாறு துண்டு.
மூலைக்கு மூலை எண் ஒட்டி,
ஏற்ற நிறத்தில் நூலும் உருட்டி வைத்து,
எனக்கென்று ஒரு வெட்டுகூட மிச்சமில்லாமல்.
காய்வெட்டு முடிந்த கல்யாணப் பந்தலுக்கு
பிந்திப் போனவள்போல்
கத்திரியோடு நின்றேன்.

ஆனி மழை. பால்வெட்டு கிடையாது.
ரப்பர் மரங்களெல்லாம் நனைந்து நிற்க
வில்ஃப்ரட் கட்டிலில் சாய்ந்துகொண்டு
ஆங்கிலத் தாளை போனுக்குக் காட்ட
போன் தமிழில் சொன்னது:
“தையல் உதவித்தொகை, கால் அங்குலம்.”
“எந்த சர்க்கார் குடுக்குதாம்?” என்றார்.
சிரித்த சிரிப்பில் ஊசி ஒடிந்தது.

தைக்கத் தெரியாதென்றில்லை.
தைத்துப் பல வருடமாயிற்று.
காலும் கையும்
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்.
முதல் கட்டம் கோணல். இரண்டாவது
கொஞ்சம் குறைந்த கோணல்.
மூன்றாவதில் மூலை சேரவில்லை.

என் தப்பென்று பிரித்தேன்.
மறுபடி தைத்தேன். மறுபடி சேரவில்லை.
டேப் எடுத்து அளந்தால்
முப்பத்தொன்று ஒரு நூல் குறைவு.
முப்பத்திரண்டு ஒன்றரை.
முப்பத்தாறில் ஓரம் பிசிறு பிசிறாய்.
முப்பத்தேழு
சவரம் செய்த முகம்போல் சுத்தம்.

அங்கே பிளேடு மாற்றியிருக்கிறார்கள்.

எந்த ஊரோ, எந்த மேஜையோ.
அந்த நேரம் மட்டும் எனக்குத் தெரியும்.
நாலேகால் இருக்கும்.
சாயா இன்னும் வந்திருக்காது.
கட்டைவிரல் அடியில் கத்திரிக் காய்ப்பு எரியும்.
இன்னும் ஆறு துண்டுதானே,
இதோடு முடியட்டும் என்று
மழுங்கினதை வைத்தே ஒருத்தி அழுத்தியிருப்பாள்.

“கம்பெனிக்கு எழுதச் சொல்லு,
வேற பீஸ் அனுப்புவானே” என்றார் வில்ஃப்ரட்.
“என்னத்துக்கு? அவளுக்கு ஏச்சு வாங்கிக் குடுக்கவா?”
“எவளுக்கு?”

நான் பதில் சொல்லவில்லை.
ஓரத்தை ஈரவிரலால் இழுத்து,
இழுத்த இடத்தில் கொஞ்சம் பொறுத்து,
அடுத்த துண்டைச் சற்றே விட்டுக்கொடுக்கச் சொல்லி
ஊசியை மெதுவாக நடத்தினேன்.
மூலை சேர்ந்தது.
பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பபிதாவின் குரல்தான் வந்தது, மழைக்குள்:
“அக்கா, ஆம்கோல்ல ஒரு நூல் கொறையுது.”
“உன் கண்ணுதான் கொறையுது பிள்ளே.”
எத்தனை வருடம் இந்தப் பதில்.
அந்தச் சட்டைகள் ஒன்றும்
அக்குளில் பிடிக்கிறதென்று திரும்பி வந்ததில்லை.
நான் நன்றாக வெட்டுகிறேன் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை.
சாக்பீஸ் கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி வெட்டினேன்.
பபிதா துண்டைத் தூக்கிப் பார்த்து
“என்னக்கா, துணி ஓசியிலயா வருது?
முதலாளி கண்டா வையப்போறார்” என்றாள்.
“உதவித்தொகை” என்றேன்.
அவள் ஜெபசீலியைப் பார்த்தாள்,
ஜெபசீலி என்னைப் பார்த்தாள்.

பாலத்துக்கு மேலே ஏதோ கனமாய்ப் போக
மேஜை அதிர்ந்தது.
மதியத்துக்கு முன்னால் கத்திரியைச்
சாணை பிடிக்கக் கொடுத்தனுப்பினேன்,
காஜாப் பையனிடம்.

மழை விட்டுவிட்டது. வில்ஃப்ரட்
விடியுமுன்னே பால்வெட்டப் போய்விடுகிறார்.
பன்னிரண்டு கட்டத்தில் ஏழு முடிந்து
பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
வீடியோவில் ரெக்ஸ்லின் கேட்டாள்:
“சும்மா சேக்க இவ்வளவு நாளா மைனி?”