ஏரியின் பங்கு

பதினாறு வயதில் சறுக்குக் காலணியோடு விழுந்தேன்.
உறைந்த ஏரி, இடது தோள்.
எலும்பு கூடிவிட்டது. பனிப்புயலுக்கு முன் மட்டும்
கொஞ்சம் முனகும்; காதில் போட்டுக்கொள்வதில்லை.

முப்பத்தொரு வருஷம் அதே தோளை வைத்துத்தான்
டுலூத் முதியோர் இல்லத்தில்
ஆட்களைப் புரட்டினேன், தூக்கினேன், குளிப்பாட்டினேன்.
அதன் பூர்வீகத்தை அப்போது யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஆஸ்ட்பி கழிவறையில் சரிந்தார்.
நூற்றுப் பத்துக் கிலோ. பிடித்தேன்.
அவர் தலை தரையில் படவில்லை.
என் தோளுக்குள்
ஈரத்துணி கிழிகிற சத்தம்.

காப்பீட்டு நிறுவனத்து மருத்துவர்
பதினோரு நிமிஷம் பார்த்தார்;
அதில் நான்கு, நான் ஸ்வெட்டரைக் கழற்ற.
எழுதிவிட்டார்:
பழைய காயம் அறுபது சதவீதம், வேலை நாற்பது.

மேல்முறையீடு செய்வோம், திருமதி ஹொக்கானென்,
என்கிறார் வக்கீல். செய்வோம்.

இரவில் ஒரு கை மட்டும் நுழைந்த சட்டையோடு நின்று
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
ஆஸ்ட்பியை நான் நாற்பது சதவீதம் பிடித்திருந்தால்
மிச்சத்தை ஏரி வந்து பிடித்திருக்குமா?

ஜன்னலுக்கு வெளியே
இந்த வருஷமும் உறைந்து கிடக்கிறது அது,
ஒன்றும் தெரியாததுபோல.
பில்லை அதன் பேருக்கே அனுப்பச் சொல்லுங்கள்.
முகவரி நான் தருகிறேன்.