பழைய எண், புதிய எண்

தண்ணீர் வடிந்த ஐந்தாம் நாள் இரவு
இருநூற்றுப் பதினோரு வீடுகளை
என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
காலை பத்துக்குள் வார்டு ஆபீசில் வேண்டுமாம்:
பெயர், கதவு எண், எத்தனை பேர், எது எது போச்சு.

புளியந்தோப்பில் எங்கள் தெருவுக்கு
ஒரு கதவுக்கு இரண்டு எண்.
மாநகராட்சி இப்போது கொடுத்தது ஒன்று,
எப்போதோ கொடுத்தது ஒன்று,
நடுவில் சாய்வாக ஒரு கோடு.
தபால்காரர் இரண்டையும் மதிப்பார்.
காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்ட லிப்ரே ஆஃபீஸ்
மதிக்கவில்லை.

மூணு பை நாலு என்று தட்டினேன்.
எண்டர் விழுந்ததும்
ஏப்ரல் மூன்றாம் தேதி ஆகிவிட்டது
பிளம்பர் கதிரேசன் வீடு.
அழித்துத் தட்டினேன். மறுபடி ஏப்ரல்.
ஐந்து பை பதினொன்று நவம்பரில் போய் உட்கார்ந்தது.
எட்டு பை ஒன்றுக்கு அடுத்த வாரம் பொங்கல்.
ஒன்று பை நாலு காமேஸ்வரி எட்டிப் பார்த்தாள்:
"என் வீட்டை ஏப்ரல் ஃபூல் ஆக்கிட்டியா?"
அவள் ஃப்ரிட்ஜ் சமையலறையிலிருந்து வாசல்வரை மிதந்து வந்தது.
அதற்கப்புறம் அன்றுதான் சிரித்தாள்.

பழைய எண் பன்னிரண்டைத் தாண்டியவர்கள் தப்பித்தார்கள்,
பதின்மூன்றாவது மாதம் கிடையாதே.
முப்பத்தொன்று பை இரண்டும் தப்பியது.
பிப்ரவரி அவ்வளவு நீளமில்லை.

பதினொன்றரைக்கு ஜெராக்ஸ் கடை தபித்தாளை எழுப்பினேன்.
"எண்ணுக்கு முன்னாடி, மேல, ஒத்தையா ஒரு குறி போடு.
செமிகோலன் பக்கத்துச் சாவி.
அது இருந்தா, இது எழுத்து, கை வெக்காதன்னு அர்த்தம்."
உனக்கு யார் சொன்னது?
"தடுப்பூசி லிஸ்ட் அடிக்க வந்த நர்சு."
நர்சுக்கு யார் சொன்னார்களோ.

கொசுக்கால் அளவு கோடு.
போட்டேன். நின்றது.

ஏற்கெனவே தேதியாகிப்போன நூற்று நாற்பது?
அது தபித்தாளுக்குத் தெரியாது.
ஆவடியில் ஒரு கேன்டீனில் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார்,
நைட் ஷிஃப்ட், முழித்திருப்பார் என்று
ஒரு நம்பர் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அன்வர்தீன். முகம் இன்றுவரை தெரியாது.
பின்னால் அண்டா உருளும் சத்தம்.
"அழிக்காதீங்க. அதை மொதல்ல சொல்லிடறேன்.
உள்ள நாளும் மாசமும் பத்திரமா இருக்கு,
மேல சட்டையை மாத்திப் போட்டிருக்கு, அவ்ளோதான்.
அந்த வரிசை மொத்தத்தையும் புடிங்க. ரைட் கிளிக். ஃபார்மேட்.
கீழ கட்டத்துல டி, ஒரு சாய்கோடு, எம்.
வருஷம் வேணாம்."

வருஷம் போனது.
கதிரேசன் மூணு பை நாலுக்குத் திரும்பி வந்தார்.
அவருக்குப் பின்னால் தெருவே
வரிசையாக அவரவர் கதவுக்கு வந்தது.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க.
பிரிண்ட் எடுத்தா தலைப்பு வரி
மொதல் பக்கத்துல மட்டும் வருது.
மூணு மாசமா ஒவ்வொரு பக்கத்துலயும் கையால எழுதறேன்."

எனக்கு அது தெரியும்!
சீட்டு நோட்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டித் திட்டிக் கண்டுபிடித்தது.
ஃபார்மேட்டில் பிரிண்ட் ரேஞ்ச், அதில் எடிட்,
திரும்ப வரவேண்டிய வரி இதுவென்று காட்டிவிட வேண்டும்.
அவர் குறித்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.
இரண்டு முறை "மெதுவா" என்றார்.

காலை பத்தேகால்.
வார்டு ஆபீஸ் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு.
மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா
என் தாளை வாங்கி ஓரமாக வைத்து
தன் கணினியில் முதலிலிருந்து
ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார்.
மூன்று. சாய்கோடு. நான்கு.
எண்டர்.

புருவம் சுருங்கியது.
அழித்தார். மறுபடி அடித்தார்.

வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பேர்.
கவுண்டரில் குனிந்து
"மேடம், அதுக்கு முன்னாடி மேல ஒரு குறி" என்றேன்.

"எந்தச் சாவி?" என்று கேட்டார்,
விரலைக் காற்றில் வைத்துக்கொண்டு.