ஒத்தைக் கை நண்டு

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கும்போதே
செருப்பெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல்.
பாலத்தில் வேகம் குறைத்த ஷேர் ஆட்டோக்காரர்
"இதுக்கு அந்தப் பக்கம் தீவும்மா" என்றார்.
தீவு என்றால் அவருக்கு
தலைக்கு இருபது ரூபாய் கூடுதல்.

மடியில் தாம்பாளம். அதன்மேல்
நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.
ஆறு வருஷமாய்ப் பேசாத நாத்தனாரிடம் சொல்ல
கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறியதிலிருந்து
ஐந்து வரி ஒத்திகை பார்த்திருந்தேன்.
உங்க அண்ணனுக்கு முட்டிவலி என்பது
அதில் மூன்றாவது வரி.

கதவைத் திறந்த தேசராணி
"வாங்க" என்று சொல்லவில்லை.
"பையனுக்குத் தண்ணி வேணுமா?"
உள்ளே கன்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார்,
துறைமுக கேட்டில் ராத்திரி முழுக்க
லாரி நம்பர் எழுதிய சட்டையைக்கூடக் கழற்றாமல்.
ஆணியில் வலை தொங்கியது.
வலைமேல் அவரது அடையாள அட்டை.

பேச்சு வரவில்லை.
மின்விசிறிக்குப் பத்திரிகை மட்டும் படபடத்தது.
"தண்ணி வத்துற நேரம்" என்று எழுந்தாள்,
யாரிடம் சொன்னாள் என்று தெரியாமலே
நானும் யுகேஷும் பின்னால் நடந்தோம்.

கழிமுகம்
ஓடத்தின் விலாவரை சேற்றைக் காட்டிக் கிடந்தது.
கண்ணைத் தலைக்குமேல் வைத்துக்கொண்ட உளுவை
துடுப்பை ஊன்றி ஊன்றி நடந்தது,
மீன் என்பதை மறந்ததுபோல.
மஞ்சமூக்கு நாரைகள் ஏழு,
அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு
எதையோ தொலைத்த மாதிரி துழாவின.
ஒரு கூழைக்கடா
ராட்சத கிரேனுக்குக் கீழே மிதந்தது.
இரண்டுமே தூக்கத் தெரிந்தவை,
ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

எதிரெதிரே பார்க்க முடியாத இரண்டு பேர்
ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நிற்கப்
பறவைகள் நல்ல வசதி.
"வெள்ளையா நெட்டைக்கால்ல நிக்குதே, அது என்ன?"
"அதுவா, உள்ளான்."
ஆறு வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன
முதல் பதில்.

யுகேஷ்தான் கத்தினான்:
"அம்மா, டாட்டா காட்டுது!"
சேறு முழுக்கப் பொட்டுப் பொட்டாய் வளை.
ஒவ்வொரு வளை வாசலிலும்
உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கையை
உயர்த்தி இறக்கி உயர்த்தி
நூறு நண்டு, இருநூறு நண்டு.

"கூப்பிடுதா அத்தை, தொரத்துதா?"

தேசராணி சேலையை முழங்காலுக்குச் செருகி
வரப்பில் குந்தினாள்.
"பொண்ணு வந்தா கூப்பிடும்.
பங்காளி வந்தா தொரத்தும்.
கை ஒண்ணுதானே அதுக்கு,
வேற எப்படி ஆட்டும்?"

ஐந்து வரியும்
அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.
"பட்டாவுல கையெழுத்து வாங்கினது தப்புதான்" என்றேன்,
ஒத்திகையில் இல்லாத ஆறாவது வரி.
அவள் நண்டைத்தான் பார்த்தாள்.
நாரை ஒன்று விழுங்கியது.
அது தொண்டையில் இறங்கும்வரை
மூன்று பேரும் பேசவில்லை.

திரும்பி வந்தபோது
கன்னியப்பன் எழுந்து பத்திரிகை பிரித்திருந்தார்.
தேசராணி வாங்கி
நாள், நேரம், மண்டபம் மட்டும் உரக்க வாசித்தாள்.
வருகிறேன் என்று சொல்லவில்லை.
மணப்பெண்ணின் அத்தை என்று
கீழே அச்சடித்திருந்த தன் பெயரை
விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்,
மை ஒட்டுகிறதா என்பதுபோல.

அரைக் கிலோ கருவாட்டைத் தாம்பாளத்தில் வைத்து
பேப்பர் சுற்றிக் கொடுத்தாள்.
கடைசி ஆட்டோ கிளம்பிவிட்டது.
புழுதிக்கு நடுவே திரும்பிப் பார்த்தேன்,
வாசலில் நின்று
ஒற்றைக் கையை உயர்த்தினாள்.

யுகேஷ் என்னைப் பார்த்தான்.
நான் அவனுக்கு
பதில் சொல்லவில்லை.