ஒளிமகுடம், கால் நொடி

முட்டைக்கோஸ் வயலோரம் முக்காலியை நட்டேன்.
கூம்புத் தலை முட்டைக்கோஸ்;
ஸ்டுட்கார்ட் முழுக்க இதைத்தான் ஊறப்போடும் என்று
டிராம் மெக்கானிக் வெண்டலின் ஹேஃபலே சொன்னார்.
மேலே பார்க்காமலிருக்க
எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.
மேலே, பிழியாத ஈரத்துணி.

ஆறு மாத ஒத்திகை.
இரவுப் பணி முடிந்து வந்து
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
ஷட்டர் வேகத்தை விரல்நுனியால் திருப்பிப் பழகினேன்.
ஆயிரத்தில் ஒன்று. ஐந்நூறில் ஒன்று. இருநூற்றைம்பதில் ஒன்று.
வாய்ப்பாடு என்று நினைத்து
மகனும் கூடச் சொன்னான்.

முக்காலியின் காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தேன்:
வடிகட்டியைக் கழற்று.
வைர மோதிரம்.
ஒளிமகுடம், கால் நொடி. அரை நொடி. ஒரு நொடி.
நிமிர்ந்து பார், இருபது நொடி.
வடிகட்டியை மாட்டு.
'நிமிர்ந்து பார்' என்பதற்கு அடிக்கோடு,
மறந்துபோகும் என்று.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு கிழிசல்.
ஒரு கடி கடித்த அப்பளமாய்ச் சூரியன்.
ஒரே ஒரு படம். மூடிக்கொண்டது.
பிறகு தூறல்.
உல்ரிக்கே தன் தொலைநோக்கிக்குக் குடை பிடித்தாள்,
தான் நனைந்தாள்.
கார்ல்ஸ்ரூவில் வானம் திறந்திருக்கிறதாம் என்றது
யாருடைய காரிலோ ரேடியோ.
யாரோ போய் அதை அணைத்தார்கள்.

பன்னிரண்டு முப்பத்திரண்டு.
பாம்பு சூரியனை விழுங்கும் என்பார்கள்.
அன்று பாம்பையே மேகம் விழுங்கியிருந்தது.
எங்கிருந்தும் ஓடி வராமல்
மொத்தமாய் இறங்கியது இருட்டு.
நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்குப் போட்டன.
தூரத்து விமான நிலையம் நீலப் புள்ளிகளானது.
குரைப்பதா வேண்டாமா என்று தெரியாத நாய்
பாதிக் குரலில் நிறுத்திக்கொண்டது.

கைகள் என்னைக் கேட்கவில்லை.
வடிகட்டியைக் கழற்றின.
சூரியன் இருந்தாக வேண்டிய இடத்தை
மோட்டார் மட்டும் விசுவாசமாய்த்
தொடர்ந்துகொண்டிருந்தது.
"மேகத்தையா எடுக்கிறாய்?" என்றாள் உல்ரிக்கே.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
கால் நொடி வந்ததும், பதினான்கு வருடப் பழக்கத்தில்,
சத்தமாகவே சொல்லிவிட்டேன்:
மூச்சை இழுங்கள். பிடியுங்கள். அசையாதீர்கள்.
வயலோரம் நின்ற ஒன்பது பேரும்
அசையவில்லை.

அடிக்கோடிட்ட வரி வந்தது.
நிமிர்ந்து பார்த்தேன், இருபது நொடி.
மழை கண்ணில் விழுந்தது.

"இந்த நாட்டில் அடுத்தது இரண்டாயிரத்து எண்பத்தொன்றில்,"
என்றார் ஹேஃபலே, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபடி.
"அன்றைக்கு எனக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும்."

சுருளை வீட்டுக் குளியலறையில் கழுவினேன்.
எக்ஸ்ரே பிரிவில் வேலை எனக்கு.
சாம்பலை வாசித்துத்தான் சம்பளம்.
நுரையீரலில் எது நீர், எது நிழல்,
எது நோயாளி அசைந்ததால் வந்தது
என்பதெல்லாம் டாக்டர் வருமுன்னே தெரிந்துவிடும்;
சொல்லத்தான் கூடாது.
ஆளில்லாத ஓர் இரவில்
மருத்துவமனையின் வெளிச்சப் பெட்டியில்
பன்னிரண்டையும் வரிசையாய் வைத்தேன்.
முதல் சில, வெறும் கண்ணாடி.
பிறகு ஒரு சாம்பல்.
அதைவிடக் கனத்த சாம்பல்.
லென்ஸை நெருக்கிப் பார்த்தேன்.
விளிம்பு இல்லை, வளைவு இல்லை.

எங்கள் அறிக்கைகளில் ஒரு வாக்கியம் உண்டு:
குறிப்பிடும்படி எதுவும் தென்படவில்லை.
அதைக் கேட்டுச் சிலர்
என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்,
அவ்வளவு சந்தோஷம்.

அதையே உறையின்மேல் எழுதலாம் என்று
பேனாவை எடுத்தேன்.
எழுதியதென்னவோ அட்டையில் இருந்ததை.
ஏழாவது: ஒளிமகுடம், கால் நொடி.
எட்டாவது: ஒளிமகுடம், அரை நொடி.

ஹேஃபலே ஒரு பிரதி கேட்டார்.
எது வேண்டும் என்றேன்.
பெட்டியின்மேல் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து,
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"தெளிவாக விழுந்ததைக் கொடு."